நூலகத்தில் ஒரு புதிய மொழி

நுழையும் முன்

ஒரு மொழியின் இலக்கணத்தை நன்கு அறிந்தவர்க்கு அடுத்த மொழியின் வாயில் எளிதில் திறக்கும். தமிழ் வகுப்பில் நீங்கள் பயிலும் ஒலிவேறுபாடுகளும் வினைமுற்று விகுதிகளும் தமிழ் படிப்பதற்கு மட்டுமே பயன்படுவன அல்ல. அவற்றைக் கொண்டு தொலைதூர நாட்டு மொழி ஒன்றின் முதற்படிகளை ஏறிப் பார்ப்போம். நாம் செல்லவிருக்கும் இடம் ஒரு நூலகம்; கற்கவிருக்கும் மொழி ஸ்பானியம்.

கற்றல் நோக்கங்கள்

• நூலகத்தில் பயன்படும் எளிய ஸ்பானியத் தொடர்களைப் பொருளுணர்ந்து சொல்லுதல்
• தமிழ் ஒலிகளையும் இலக்கணத்தையும் வேற்றுமொழியோடு ஒப்பிட்டு அறிதல்
• புரியாதபோது தயங்காமல், பணிவுடன் உதவி கேட்டல்

1. எந்தச் சொற்களை முதலில் கற்க வேண்டும்?

மாணவர்களே, உங்களுள் பலர் பெற்றோரின் பணியிட மாற்றத்தால் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு வந்தவர்கள். புதிய வகுப்பறையில் அமர்ந்த முதல் நாளை எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் கூறியது விளங்கியிராது. அருகிலிருந்தவர் எதற்குச் சிரித்தார் என்பதும் தெரிந்திராது. அந்த நாளில் உங்களுக்குத் துணைநின்றவை மூன்று அல்லது நான்கு தொடர்களே. ‘தண்ணீர் எங்கே?’, ‘இது என்ன?’, ‘மெதுவாகச் சொல்’ என்பன போன்ற அத்தொடர்களைக் கொண்டே பிற சொற்களை நீங்கள் சேர்த்துக்கொண்டீர்கள்.

இந்தப் பட்டறிவு பெரிய செல்வம். பிறந்த ஊரிலேயே வளரும் பிள்ளைகளுக்கு அது எளிதில் வாய்ப்பதில்லை. எந்தப் புதிய மொழியைக் கற்கத் தொடங்கினாலும் அதே வழியைப் பின்பற்றலாம். நிறங்களின் பெயர்களையும் விலங்குகளின் பெயர்களையும் மனப்பாடம் செய்வதற்கு முன்பு, ஓரிடத்திற்குச் சென்று ஒரு செயலை முடிப்பதற்குத் தேவையான தொடர்களைக் கற்க வேண்டும்.

அதற்கு ஏற்ற இடம் நூலகம். அங்கு எவரும் விரைந்து பேசுவதில்லை. கேட்கப்படும் வினாக்களும் சிலவே. நாம் சொல்வது விளங்காவிட்டாலும் நூலைச் சுட்டிக் காட்டலாம். நூலகத்தை விட்டு வெளியே வந்த பின்னரும் கையிலுள்ள நூல் நம்மோடு பேசிக்கொண்டிருக்கும்.

2. ஸ்பானிய மொழி

ஸ்பானியம் ஸ்பெயின் நாட்டில் தோன்றிய மொழி. இலத்தீன் மொழியின் வழிவந்தது. இன்று மெக்சிகோ, கொலம்பியா, அர்ஜென்டினா, பெரு முதலிய நாடுகள் உள்ளிட்ட இருபது நாடுகளில் அது ஆட்சிமொழியாக விளங்குகிறது. ஐக்கிய நாடுகள் அவையின் ஆறு அலுவல் மொழிகளுள் அதுவும் ஒன்று.

ஸ்பானிய மொழியையும் பண்பாட்டையும் உலகெங்கும் பரப்புவதற்காக ஸ்பெயின் அரசு 1991ஆம் ஆண்டில் செர்வாந்தேஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தது. ‘தோன் கிஹோத்தே’ என்னும் புகழ்பெற்ற புதினத்தை 1605, 1615 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்ட மிகேல் தே செர்வாந்தேஸ் என்பவரின் பெயரே அந்நிறுவனத்திற்குச் சூட்டப்பட்டது. அதன் கிளை ஒன்று புதுதில்லியில் அனுமன் சாலையில் உள்ளது. அதில் ஒரு நூலகமும் உண்டு. தில்லியில் வாழும் மாணவர்கள் நேரம், நுழைவு விதிகள் ஆகியவற்றை முன்னரே கேட்டறிந்து பெற்றோருடன் சென்று காணலாம். பிற ஊர் மாணவர்கள் தம் பள்ளி நூலகத்தையே ஸ்பானிய நூலகமாகக் கருதி நடித்துப் பழகலாம்.

3. நாவுக்கு முன்பே தெரிந்த ஒலிகள்

ஸ்பானியத்தில் உயிரொலிகள் ஐந்து: அ, எ, இ, ஒ, உ. எழுத்து ஒன்று, அதன் ஒலியும் ஒன்று. ஆங்கிலத்தில் ஒரே உயிரெழுத்து இடத்திற்கு இடம் மாறி ஒலிப்பதைப் போன்ற குழப்பம் இதில் இல்லை. ஆகவே எழுத்துகளைக் கற்றுக்கொண்டால், பொருள் தெரியாத சொல்லையும் பிழையின்றி வாய்விட்டுப் படிக்கலாம்.

மெய்யொலிகளில் தமிழ் மாணவர்க்கு மூன்று உதவிகள் கிடைக்கின்றன.

முதலாவது, ஞகரம். ஸ்பானியத்தில் னகர ஒலிக்குரிய எழுத்தின் தலைமேல் சிறிய அலைக்கோடு இட்டால் அது ஞகர ஒலியைப் பெறும். முற்காலத்தில் ஏடு எழுதியோர் அந்த எழுத்தை இருமுறை எழுதுவதற்கு மாற்றாக மேலே ஒரு கோடு இட்டதிலிருந்து இவ்வெழுத்து பிறந்தது. ‘நீஞோ’ என்றால் சிறுவன். ‘நீஞா’ என்றால் சிறுமி. ஞாயிறு என்பதைத் திருத்தமாக ஒலிக்கத் தெரிந்தவர்க்கு இதில் இடர்ப்பாடு இல்லை.

இரண்டாவது, ரகர றகர வேறுபாடு. மரம் வேறு, மறம் வேறு. கரி வேறு, கறி வேறு என்று நாம் படித்திருக்கிறோம். ஸ்பானியத்திலும் மெல்லிய ரகரமும் நாவை உருட்டி ஒலிக்கும் வல்லிய றகரமும் பொருளை மாற்றும். ‘பெரோ’ என்றால் ஆனால். ‘பெறோ’ என்றால் நாய். ‘கரோ’ என்றால் விலை மிகுந்தது. ‘கறோ’ என்றால் வண்டி. பேச்சுத்தமிழில் இவ்வேறுபாடு பெரிதும் மங்கிவிட்டது. ஸ்பானியம் பயிலும்போது அதை மீண்டும் கூர்மைப்படுத்திக் கொள்ளலாம்.

மூன்றாவது, இடையில் மெலியும் ஒலி. தமிழில் ‘பதம்’ என்னும் சொல்லில் வரும் தகரம் உயிர்களுக்கு இடையே நின்று மென்மையாக ஒலிக்கிறது. ஸ்பானியத்திலும் சில மெய்கள் உயிர்களுக்கு இடையே அவ்வாறே மெலியும். ‘விடைபெறுகிறேன்’ என்னும் பொருளுடைய ‘அதியோஸ்’ என்னும் சொல்லின் தகரத்தைப் ‘பதம்’ என்பதில் ஒலிப்பது போல ஒலித்தால் அதுவே சரியான ஒலிப்பு.

ஒலிப்புக் குறிப்பு: இப்பாடத்தில் ‘புவேனாஸ்’ என்பதன் முதலெழுத்தைப் ‘பலூன்’ என்பதில் வரும் பகரம் போலவும், ‘கிராஸியாஸ்’ என்பதன் முதலெழுத்தைக் ‘கிராமம்’ என்பதில் வரும் ககரம் போலவும், ‘தோந்தே’ என்பதன் முதலெழுத்தைத் ‘தேவி’ என்பதில் வரும் தகரம் போலவும் ஒலிக்க. வல்லினம் சொல்லின் இடையில் அழுத்தமாக ஒலிக்க வேண்டிய இடங்கள் பலவற்றில் ஒற்று சேர்த்து எழுதப்பட்டுள்ளது. ‘கிராஸியாஸ்’ என்பது இலத்தீன் அமெரிக்க ஒலிப்பு. ஸ்பெயினின் பெரும்பகுதியில் ‘கிராதியாஸ்’ என்பர்.

4. கைக்குரிய பன்னிரண்டு தொடர்கள்

கீழ்க்காணும் தொடர்களை உரக்கப் படித்துப் பழகுக.

1. ஓலா – வணக்கம் (எளிய முறையில்)
2. புவேனாஸ் தார்தேஸ் – பிற்பகல் வணக்கம்
3. போர் ஃபவோர் – தயவுசெய்து
4. கிராஸியாஸ் – நன்றி
5. பெர்தோன் – மன்னிக்கவும்
6. நோ என்தியேந்தோ – எனக்குப் புரியவில்லை
7. மாஸ் தெஸ்பாஸியோ – இன்னும் மெதுவாக
8. தோந்தே எஸ்தா …? – … எங்கே இருக்கிறது?
9. புஸ்கோ … – … தேடுகிறேன்
10. தியேனே …? – உங்களிடம் … இருக்கிறதா?
11. புவேதோ லேயேர் அக்கீ? – இங்கே படிக்கலாமா?
12. கோமோ ஸே தீஸே …? – … என்பதை எப்படிச் சொல்வது?

இவற்றுள் ஆறாவது, ஏழாவது, பன்னிரண்டாவது தொடர்கள் மிக இன்றியமையாதவை. வினாவை அழகாகக் கேட்டுவிடலாம். வரும் விடை விரைவாக இருந்தால் என் செய்வது? ‘புரியவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள்’ என்று அவர் மொழியிலேயே கேட்கத் தெரிந்தவர்க்கு உரையாடல் அறுந்துபோவதில்லை. அவ்வாறு கேட்பது இழிவு ஆகாது. புரிந்தது போலத் தலையசைத்துவிட்டு வெறுங்கையுடன் திரும்புவதே இழப்பு.

ஒரு சொல்லில் மட்டும் விழிப்பாக இருக்க வேண்டும். நூலகத்திற்கு ஸ்பானியத்தில் ‘பிப்லியொத்தேக்கா’ என்று பெயர். ‘லிப்ரெரீயா’ என்னும் சொல் ஆங்கிலச் சொல்லாகிய லைப்ரரியைப் போல ஒலித்தாலும் அதன் பொருள் புத்தகக் கடை. வழி கேட்கும்போது சொல்லை மாற்றிச் சொன்னால் கடைக்குப் போய்ச் சேர நேரிடும்.

5. விகுதி காட்டும் ஆள்

‘படிக்கிறேன்’ என்று சொன்னால் படிப்பவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. ‘ஏன்’ என்னும் தன்மை ஒருமை விகுதியே ‘நான்’ என்பதை உணர்த்திவிடுகிறது. எழுவாய் வெளிப்படாமல் இவ்வாறு நிற்பதைத் தோன்றா எழுவாய் என்கிறோம். ஆங்கிலத்தில் எழுவாயை விட்டுவிட இயலாது. ஸ்பானியத்தில் தமிழைப் போலவே இயலும். படித்தல் என்னும் வினையின் நிகழ்கால வடிவங்களைக் காண்க.

லேயோ – (நான்) படிக்கிறேன்
லேயெஸ் – (நீ) படிக்கிறாய்
லேயே – (அவன், அவள், அவர்) படிக்கிறான், படிக்கிறாள், படிக்கிறார்
லேயேமோஸ் – (நாம், நாங்கள்) படிக்கிறோம்
லேயென் – (அவர்கள்) படிக்கிறார்கள்

தன்மை ஒருமைக்கு ‘ஓ’ என்னும் ஈறு வருவதை நோக்குக. புஸ்கோ, லேயோ, ‘பேசுகிறேன்’ என்னும் பொருளுடைய ஆப்லோ ஆகிய மூன்றும் அவ்வாறே முடிகின்றன.

நீ, நீங்கள் என்னும் வேறுபாடும் ஸ்பானியத்தில் உண்டு. நண்பரையும் சிறுவரையும் ‘தூ’ என்றும், மதிப்பிற்குரியவரை ‘உஸ்தேத்’ என்றும் அழைப்பர். ‘உஸ்தேத்’ என்பது ‘தங்கள் அருள்’ என்னும் பொருள்கொண்ட பழைய மரியாதைத் தொடர் தேய்ந்து உருவான சொல். அதனால் அதனுடன் படர்க்கை வினையே வரும். ஆகவே நூலகரிடம் ‘தியேனெஸ்’ என்று கேட்பது ‘உன்னிடம் இருக்கிறதா’ என்பது போலாகும். ‘தியேனே’ என்பதே ‘உங்களிடம் இருக்கிறதா’ என்பதற்கு இணையானது. பெரியவரை ‘நீ’ என்று அழைத்தால் எவ்வாறு செவிக்கு உறுத்தும் என்பதை அறிந்த தமிழ்ப்பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

6. ‘இது நூல்’, ‘நூல் இருக்கிறது’

ஆங்கிலத்திலும் இந்தியிலும் ‘இது நூல்’ என்பதற்கும் ‘நூல் மேசைமேல் இருக்கிறது’ என்பதற்கும் ஒரே துணைவினை போதும். தமிழில் அவ்வாறன்று. ‘இது நூல்’ என்னும் பெயர்ப்பயனிலைத் தொடரில் வினையே இல்லை. ஒரு பொருள் இருக்கும் இடத்தைக் கூறும்போது ‘இரு’ என்னும் வினை வருகிறது.

ஸ்பானியத்திலும் இவ்விரண்டும் வெவ்வேறு. பொருள் இன்னது என்று கூற ‘எஸ்’ என்னும் வினையும், அது இருக்கும் இடத்தைக் கூற ‘எஸ்தா’ என்னும் வினையும் வரும்.

எஸ் உன் லீப்ரோ – இது ஒரு நூல்
எல் லீப்ரோ எஸ்தா என் லா மேஸா – நூல் மேசைமேல் இருக்கிறது

இருமொழி வழக்குகளும் முழுவதும் ஒன்றல்ல. மேல்வகுப்புகளில் ஸ்பானியம் பயில்வோர் ‘எஸ்தா’ என்பதன் பிற பயன்களையும் காண்பர். ஆயினும் நூலகத்தில் பொருளைத் தேடும் நமக்கு ஒரு சூத்திரம் போதும்: தமிழில் ‘எங்கே இருக்கிறது?’ என்று கேட்கும் இடத்தில் ‘தோந்தே எஸ்தா?’ என்று கேட்க.

தமிழ் துணைசெய்யாத இடமும் ஒன்று உண்டு. தமிழில் பொருளின் தன்மை நோக்கியே பால் அமையும். நூலும் மேசையும் அஃறிணை. ஸ்பானியத்தில் உயிரற்ற பொருள்களுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. ‘எல் லீப்ரோ’ ஆண்பால். ‘லா மேஸா’ பெண்பால். இங்கு இந்தி கைகொடுக்கும். இந்தியில் ‘மேஸ்’ பெண்பால் என்பதை வடமாநிலங்களில் வாழும் நீங்கள் அறிவீர்கள். எனினும் ‘கிதாப்’ இந்தியில் பெண்பாலாக இருக்க, ‘லீப்ரோ’ ஸ்பானியத்தில் ஆண்பாலாகிறது. எனவே ஒவ்வொரு சொல்லையும் அதன் முன்னொட்டுடன் சேர்த்தே மனத்தில் பதித்தல் நன்று.

7. மேசையும் அலமாரியும் வந்த வழி

நூலகத்தில் சுற்றிப் பாருங்கள். மேசை, அலமாரி, சாவி ஆகிய சொற்கள் தமிழுக்குப் போர்ச்சுக்கீசியத்திலிருந்து வந்தவை. 1498ஆம் ஆண்டில் வாஸ்கோட காமா கோழிக்கோட்டை அடைந்த பின்னர், தென்னிந்தியக் கடற்கரையில் போர்ச்சுக்கீசியருடன் ஏற்பட்ட தொடர்பால் இவை நம் வீடுகளில் நுழைந்தன. இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலாகிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் வெளிவந்தது. அதுவும் போர்ச்சுக்கீசிய நூலொன்றின் மொழிபெயர்ப்பே.

போர்ச்சுக்கீசியமும் ஸ்பானியமும் ஒரே தாய்மொழியில் பிறந்த உடன்பிறப்புகள். ஆதலால் மேசை ஸ்பானியத்தில் ‘மேஸா’, அலமாரி ‘அர்மாரியோ’, சாவி ‘யாவே’. கொடுத்ததைப் போலவே பெற்றதும் உண்டு. நம் கட்டுமரம் ஆங்கிலத்தின் வழியாக ஸ்பானியத்தில் ‘கத்தமரான்’ ஆகியுள்ளது.

சொற்களின் வேர்ப்பொருள் இன்னும் வியப்பூட்டுவது. ‘லீப்ரோ’ என்னும் சொல்லுக்கு மூலமான இலத்தீன் சொல் மரப்பட்டையின் உட்பகுதியையும் குறித்தது. ‘ஓஹா’ என்னும் ஸ்பானியச் சொல் மரத்தின் இலையையும் நூலின் தாளையும் ஒருசேரக் குறிக்கும். நமக்கோ ஓலையும் ஏடும் எழுதுபொருளாயின. பூவின் இதழ் இன்று மாத இதழாகவும் விளங்குகிறது. கடல்கள் பல கடந்த இரு மக்களும் எழுத்தைத் தேடியபோது மரத்தையே நாடியுள்ளனர்.

8. உரையாடல்

(ஸ்பானிய நூலகம். ஒரு மாணவி உதவி மேசையின் அருகே வருகிறாள்.)

மாணவி: புவேனாஸ் தார்தேஸ்.
(பிற்பகல் வணக்கம்.)

நூலகர்: புவேனாஸ் தார்தேஸ். என் கே புவேதோ அயுதார்தே?
(வணக்கம். உனக்கு நான் எவ்வாறு உதவலாம்?)

மாணவி: பெர்தோன், நோ என்தியேந்தோ. மாஸ் தெஸ்பாஸியோ, போர் ஃபவோர்.
(மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை. தயவுசெய்து இன்னும் மெதுவாகச் சொல்லுங்கள்.)

நூலகர்: (மெதுவாக) கே புஸ்காஸ்?
(என்ன தேடுகிறாய்?)

மாணவி: புஸ்கோ உன் லீப்ரோ பாரா நீஞோஸ். தியேனே லீப்ரோஸ் கோன் திபூஹோஸ்?
(சிறுவர்க்கான நூல் ஒன்றைத் தேடுகிறேன். படங்கள் உள்ள நூல்கள் உங்களிடம் இருக்கின்றனவா?)

நூலகர்: ஸீ. எஸ்தான் அயீ, என் எல் எஸ்தான்தே.
(ஆம். அங்கே, அடுக்கில் இருக்கின்றன.)

மாணவி: கிராஸியாஸ். புவேதோ லேயேர் அக்கீ?
(நன்றி. இங்கே அமர்ந்து படிக்கலாமா?)

நூலகர்: க்ளாரோ கே ஸீ. கே லெங்குவா ஆப்லாஸ் என் காஸா?
(தாராளமாக. வீட்டில் என்ன மொழி பேசுகிறாய்?)

மாணவி: ஆப்லோ தமிழ்.
(தமிழ் பேசுகிறேன்.)

நூலகர்: கோமோ ஸே தீஸே ‘லீப்ரோ’ என் தமிழ்?
(‘லீப்ரோ’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?)

மாணவி: நூல்.

நூலகர்: நூல்… கிராஸியாஸ்!

இவ்வுரையாடலில் மாணவி ‘தியேனே’ என்று மரியாதை வடிவத்தைக் கையாள, நூலகர் ‘புஸ்காஸ்’, ‘ஆப்லாஸ்’ என்று சிறுவரிடம் பேசும் வடிவத்தைக் கையாள்வதை நோக்குக. மாணவி அறிந்த ‘எப்படிச் சொல்வது?’ என்னும் தொடரை இறுதியில் நூலகரே கேட்கிறார். ஒரு சொல்லைக் கேட்டுப் பெறச் சென்றவள் ஒரு சொல்லைக் கொடுத்தும் திரும்புகிறாள். ‘நூல்’ என்று தயங்காது விடைகூற அவளுக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? வீட்டுமொழியை மறந்தவரிடம் உலகம் கேட்டாலும் கொடுப்பதற்கு ஒன்றும் இராது.

9. நூலைத் திறந்த பிறகு

பன்னிரண்டு தொடர்களால் ஒரு கதைநூலை முழுவதும் படித்துவிட முடியாது. இதை முன்னரே அறிந்திருந்தால் ஏமாற்றம் இல்லை. படக்கதை ஒன்றை எடுத்துக்கொண்டு பின்வருமாறு செய்க.

முதலில் படங்களை மட்டும் பார்த்துக் கதையைத் தமிழில் உங்களுக்குள் சொல்லிக்கொள்க. இரண்டாம் முறை, ஒவ்வொரு பக்கத்திலும் உங்களுக்குத் தெரிந்த ஒரு சொல்லையாவது கண்டுபிடிக்க. மூன்றாம் முறை, பொருள் தெரியாவிட்டாலும் ஒரு பக்கத்தை வாய்க்குள் மெல்லப் படிக்க. ஸ்பானிய எழுத்து ஒலிமாறாதது ஆகையால் இது இயலும். இறுதியாக, அடிக்கடி வந்த சொற்கள் இரண்டைக் குறிப்பேட்டில் எழுதி அவற்றின் பொருளை அகராதியில் காண்க.

கதையின் முதல் தொடர் பெரும்பாலும் ‘ஏராஸே உனா வேஸ்’ என்று தொடங்கக் காண்பீர்கள். ‘ஒருமுறை நிகழ்ந்தது’ என்பது போன்ற பொருள் உடையது அது. நம் பாட்டிமார் ‘ஒரு ஊரிலே’ என்று தொடங்குவர். அவர்கள் கதையைக் காலத்தில் வைத்துத் தொடங்க, நாம் இடத்தில் வைத்துத் தொடங்குகிறோம்.

பக்கத்தில் தலைகீழான வினாக்குறி (¿) ஒன்றைக் கண்டால் அச்சுப்பிழை என்று எண்ண வேண்டா. ‘எஸ்தா அக்கீ’ என்றால் ‘இங்கே இருக்கிறது’. அதையே வினாவாக்கினாலும் சொற்கள் மாறுவதில்லை. தமிழில் ‘இருக்கிறதா’ என்று ஆகார வினாவெழுத்து வந்து உணர்த்துகிறது. ஸ்பானியத்தில் அவ்வசதி இல்லாமையால், வரப்போவது வினா என்பதைத் தொடக்கத்திலேயே காட்டத் தலைகீழ்க் குறி இடுகின்றனர். ஸ்பானிய மொழிக் கழகம் 1754ஆம் ஆண்டில் இம்முறையைப் பரிந்துரைத்தது.

10. ஒரு மொழிபெயர்ப்பாளர்

நூலக அடுக்கில் ஓர் இந்திய நூல் ஸ்பானியத்தில் இருக்குமாயின், அதன் பின்னே எவரோ ஒருவரின் மொழிப்பயிற்சி இருக்கிறது. ஸெனோபியா கம்ப்ரூபி (1887–1956) அத்தகையவர். ஸ்பெயினில் பிறந்த இவர் ஆங்கிலத்தில் புலமை பெற்றவர். இரவீந்திரநாத் தாகூர் தம் குழந்தைக் கவிதைகளை ஆங்கிலத்தில் ‘பிறைநிலா’ என்னும் பொருள்படும் பெயரில் 1913ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஸெனோபியா அதனை ஸ்பானியத்தில் பெயர்த்தார். ‘லா லூனா நுவேவா’ என்னும் பெயரில் 1915ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. கவிஞர் ஹுவான் ராமோன் ஹிமேனெஸ் அப்பணியில் அவருக்குத் துணைநின்றார்; பின்னர் இருவரும் திருமணம் செய்துகொண்டனர். தாகூரின் வேறு பல நூல்களையும் ஸெனோபியா பெயர்த்தளித்தார். வங்கத்துக் குழந்தையின் விளையாட்டு இவ்வாறு ஸ்பானியக் குழந்தைகளின் கைக்குச் சென்றது.

தமிழிலிருந்து நேராக ஸ்பானியத்திற்கு நூல்களைக் கொண்டுசெல்ல இரு மொழிகளையும் அறிந்தவர் தேவை. அவ்வாறான ஒருவர் இன்று இவ்வகுப்பறையில் அமர்ந்திருக்கலாம்.

தெரிந்து தெளிவோம்

கொலம்பியா நாட்டின் லா குளோரியா என்னும் ஊரைச் சேர்ந்த ஆசிரியர் லூயிஸ் ஸொரியானோ. நூலகம் இல்லாத சிற்றூர்ப் பிள்ளைகளுக்காக இரு கழுதைகளின் முதுகில் நூல்களை ஏற்றிச் சென்று வழங்கினார். கழுதைகளின் பெயர்கள் அல்ஃபா, பெத்தோ. இரண்டையும் சேர்த்தால் ‘அல்ஃபபெத்தோ’, அதாவது நெடுங்கணக்கு. கழுதைக்கு ஸ்பானியத்தில் ‘புறோ’ என்று பெயர். ஆகவே அந்நூலகம் ‘பிப்லியோபுறோ’ எனப் புகழ்பெற்றது. (றகரத்தை நன்கு உருட்டி ஒலிக்க.)

செர்வாந்தேஸ் 1616ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மறைந்தார். அவர் நினைவோடு தொடர்புடைய ஏப்ரல் 23ஆம் நாளை உலகப் புத்தக நாளாக யுனெஸ்கோ 1995ஆம் ஆண்டில் அறிவித்தது.

சொல்லும் பொருளும்

பட்டறிவு – அனுபவம்
இடர்ப்பாடு – தொல்லை
இன்றியமையாதவை – இல்லாமல் முடியாதவை
சூத்திரம் – சுருங்கிய விதி
நெடுங்கணக்கு – எழுத்துகளின் வரிசை
இரவல் – திருப்பித் தருவதாகக் கூறிப் பெறுவது

நூலகச் சொற்கள்

பிரேஸ்தமோ – இரவல்
தெவொலுஸியோன் – திருப்பித் தருதல்
கர்னே – உறுப்பினர் அட்டை
குவென்த்தோ – கதை
என்த்ராதா – நுழைவாயில்
ஸலீதா – வெளியேறும் வழி
ஸிலென்ஸியோ – அமைதி

மதிப்பீடு

அ) சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. ‘லிப்ரெரீயா’ என்னும் சொல்லின் பொருள்
(அ) நூலகம் (ஆ) புத்தகக் கடை (இ) அலமாரி (ஈ) வகுப்பறை

2. ‘பெறோ’ என்னும் சொல் குறிப்பது
(அ) ஆனால் (ஆ) கழுதை (இ) நாய் (ஈ) வண்டி

3. நூலகரிடம் மரியாதையுடன் கேட்க ஏற்ற சொல்
(அ) தியேனெஸ் (ஆ) தியேனே (இ) லேயேமோஸ் (ஈ) ஆப்லோ

ஆ) கோடிட்ட இடத்தை நிரப்புக.

1. இடத்தைக் கேட்க ‘தோந்தே ________?’ என்று வினவ வேண்டும்.
2. ‘லேயோ’ என்பதற்கு இணையான தமிழ் வினைமுற்று ________.
3. மேசை என்னும் சொல் ________ மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது.

இ) பொருத்துக.

1. நோ என்தியேந்தோ – இங்கே
2. அக்கீ – திருப்பித் தருதல்
3. குவென்த்தோ – புரியவில்லை
4. தெவொலுஸியோன் – கதை

ஈ) குறுவினா

1. தோன்றா எழுவாய் என்றால் என்ன? தமிழிலிருந்து ஒன்றும் ஸ்பானியத்திலிருந்து ஒன்றும் எடுத்துக்காட்டுத் தருக.
2. ஸ்பானியத்தில் வினாவின் தொடக்கத்தில் குறி இடுவது ஏன்?
3. ‘ஓஹா’ என்னும் சொல்லுக்கும் ‘இதழ்’ என்னும் சொல்லுக்கும் உள்ள ஒற்றுமை யாது?

உ) சிறுவினா

1. ரகர றகர வேறுபாடு இரு மொழிகளிலும் பொருளை எவ்வாறு மாற்றுகிறது என்பதை விளக்குக.
2. ‘புரியவில்லை’ என்று சொல்லக் கற்பது ஏன் இன்றியமையாதது?

ஊ) நெடுவினா

புதிய ஊருக்கு வந்தபோது நீங்கள் முதலில் கற்ற வேற்றுமொழித் தொடர்கள் யாவை? அவை உங்களுக்கு எவ்வாறு உதவின? அதே ஊருக்குப் புதிதாக வரும் ஒரு தமிழ் மாணவருக்கு வழிகாட்டும் வகையில் ஒரு பக்க அளவில் எழுதுக.

கற்பவை கற்றபின்

1. இருவர் இருவராகச் சேர்ந்து இப்பாடத்தின் உரையாடலைப் பள்ளி நூலகத்தில் நடித்துக் காட்டுக. இறுதி வினாவில் ‘லீப்ரோ’ என்பதற்கு மாற்றாக வேறு ஸ்பானியச் சொல்லை வைத்துத் தமிழில் விடை கூறுக.

2. உங்கள் வகுப்புத் தோழர்கள் வீட்டில் பேசும் மொழிகளைக் கேட்டறிக. ‘நூல்’, ‘கதை’, ‘நன்றி’ ஆகிய மூன்று சொற்களையும் அம்மொழிகளில் எழுதிப் பட்டியலிடுக. தமிழில் அச்சொற்களைச் சொல்வது எவ்வாறு என்று அவர்களுக்கும் கற்பிக்க.

3. வீட்டில் பெரியவர்களிடம் ஒரு கதை கேட்டு, அது எந்தத் தொடருடன் தொடங்குகிறது, எந்தத் தொடருடன் முடிகிறது என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வருக.